மேஜர் சொல்லியனுப்பிய சேதி

அந்தப் பேப்பரை மடிச்சு வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் காட்டுங்க சார். இந்தப் பக்கம்தான். "ஹிட்லரைக் கொல்ல முயன்ற ராணுவ அதிகாரிகள்: இருபது ஆண்டுகள் நிறைவு." பாத்தீங்களா? நாப்பத்து நாலு. எப்பப் பாரு நாப்பத்து நாலு. ஜூலை மாசம் வந்தா இதையே போடறான். முப்பத்தெட்டைப் பத்தி எவனாவது ஒரு வரி எழுதறானா? யுத்தமே ஆரம்பிக்காத காலம் சார் அது. அப்பவே அவனைப் பிடிச்சுக் கட்டிப் போட ஆளுங்க தயாரா இருந்தாங்க. எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறீங்களா? அந்தச் சேதியை லண்டனுக்குக் கொண்டுபோனவனே நான்தான்.

சிரிக்காதீங்க. நீங்க என்ன உத்தியோகம்? ஹைஸ்கூல்ல சரித்திரமா? நல்லதாப் போச்சு. கும்பகோணம் போய்ச் சேர இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் இருக்கு. நீங்க ஜன்னல் பக்கம் கொஞ்சம் தள்ளி உக்காருங்க, எனக்கு ஒரு கால் வெளியிலயே நிக்குது.

என் பேரு ஞானாபரணம். சொந்த ஊர் பொறையாறு. மாயவரத்துல அச்சாபீஸ் வெச்சிருக்கேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கருமாதிக் கார்டு. ஆனா இருபத்தஞ்சு வயசுல நான் இருந்தது பெர்லின்ல. தரங்கம்பாடி மிஷன்ல ஜெர்மன் பாதிரிங்க எனக்கு அவங்க பாஷை சொல்லிக் குடுத்து, அச்சு மெஷினைப் பிரிக்கவும் மாட்டவும் கத்துக்கிட்டு வாடான்னு ஒரு ஃபேக்டரிக்கு அனுப்பி வெச்சாங்க. முப்பத்தாறுல போனேன். ஹிட்லர் ஆட்சி நல்லா வேர் விட்டிருந்த சமயம். எங்க பாத்தாலும் கொடி. நமக்கென்ன, மெஷினைப் பாத்தோமா, வேலையைக் கத்துக்கிட்டோமான்னு இருந்தேன்.

தங்கினது மேஜர் ஹார்ட்விக்குன்னு ஒருத்தர் வீட்டுல. ராணுவத் தலைமை ஆபீஸ்ல வேலை அவருக்கு. அப்படிப்பட்டவர் வீட்டுல பொறையாத்துக்காரனுக்கு எப்படி இடம் கிடைச்சதுன்னா, அவர் சம்சாரம் தரங்கம்பாடியில பொறந்தவங்க. அவங்க அப்பா அங்க பாதிரியா இருந்தவர். ஒன்பது வயசு வரைக்கும் அந்தம்மா நம்ம கடற்கரையிலதான் ஓடி விளையாடி இருக்காங்க. பாதித் தமிழ் ஆயாகிட்டக் கத்துக்கிட்டது, பாதி அப்பாவோட பிரசங்கத்துல கேட்டது. ரெண்டும் கலந்து வரும். நான் பெட்டியோட போய் நிக்கறேன், கதவைத் திறந்து, "வாரும் தம்பி, ஆகையினால் சோறு தின்னீரா?"ன்னாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அம்மான்னுதான் கூப்பிடுவேன்.

அந்த வீட்டுல தமிழுக்கு ஒரு உபயோகம் இருந்தது. எல்சான்னு ஒரு வேலைக்காரி. அவ தம்பி ஹிட்லர் கட்சிப் படையில இருந்தான், பழுப்புச் சட்டைக்காரன். இங்க பேசறது அங்க போயிடும். அதனால மறைவா ஏதாவது சொல்லணும்னா அம்மா என்கிட்டத் தமிழ்லதான் சொல்லுவாங்க. மேஜருக்குத் தமிழ் தெரியாது. சம்சாரம் பேசறதை ஏதோ பாட்டு கேக்கற மாதிரி கேட்டுக்கிட்டு நிப்பார். நெட்டையான ஆளு. சட்டைப் பித்தான் ஒண்ணு கூடக் கழட்டி விட மாட்டார். ரெண்டு வருஷத்துல அவர் சத்தமாப் பேசி நான் கேட்டதில்லை.

அதே கட்டடத்துல ரெண்டாம் மாடியில டாக்டர் லேவின்னு ஒரு யூத டாக்டர் இருந்தார். என்னோட முதல் குளிர்காலத்துல நிமோனியா வந்து நான் செத்துப் பிழைச்சேன். ஒரு வாரம் பகலெல்லாம் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டவர் அவர். முப்பத்தெட்டுல யூத டாக்டருங்க இனிமே வைத்தியமே பாக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டுட்டான். வாசல்ல இருந்த அவர் பேர்ப்பலகையைக் கழட்டிக்கிட்டுப் போனாங்க. நாலு ஆணி ஓட்டை மட்டும் இருந்தது. படியில பாத்தா நான் தலையை ஆட்டுவேன். அவரும் ஆட்டுவார். வேற என்ன பண்ணச் சொல்றீங்க? நான் வெளிநாட்டுக்காரன், படிக்கப் போனவன்.

அந்த ஆகஸ்ட் மாசம் மேஜர் ஒரு மாதிரி ஆயிட்டார். ஹிட்லர் செக்கோஸ்லோவாக்கியாவைப் பிடிக்கணும்னு துடிச்சுக்கிட்டு இருந்தான். ராணுவத்துல பெரிய பதவியில இருந்த ஜெனரல் ஒருத்தர், இந்தப் படையெடுப்பு நாட்டை நாசமாக்கிடும்னு சொல்லிட்டு ராஜினாமா பண்ணிட்டார். ஊருக்குத் தெரியாது, ரகசியமா வெச்சிருந்தாங்க. எங்க மேஜர் ராஜினாமா பண்ணல. ஆபீஸ் போனார், வந்தார். சாப்பாட்டு மேஜையில முள்கரண்டியைக் கையில பிடிச்சபடி அப்படியே உக்காந்திருப்பார்.

செப்டம்பர் முதல் ஞாயித்துக்கிழமை. காலையில சர்ச்சுக்குப் போயிட்டு வந்து நான் சமையலறையில உருளைக்கிழங்கு தோல் சீவிக்கிட்டு இருக்கேன். எல்சா முன்கூடத்துல ஜன்னல் கண்ணாடி துடைக்கறா. மேஜர் ஒரு துணியை எடுத்துத் தட்டு துடைக்கறார். அவர் தட்டு துடைச்சு நான் பாத்ததே இல்லை. அம்மா அடுப்பைப் பாத்தபடியே தமிழ்ல ஆரம்பிச்சாங்க.

"தம்பி, உம்மை ஒரு காரியம் கேட்கப்போகிறோம். பயமாயிருந்தால் இல்லை என்று சொல்லும், நாங்கள் கோபிக்க மாட்டோம்."

"சொல்லுங்கம்மா."

"நீர் லண்டனுக்குப் போவீரா?"

யுத்தம் வரும்னு பயந்து அப்பவே பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரங்க ஒவ்வொருத்தரா மூட்டை கட்டிக்கிட்டு இருந்தாங்க. நானும் கிளம்பினா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. அதுதான் அவங்க கணக்கு. ஜெர்மன் அதிகாரி யாராவது போனா உடனே பின்னாலயே ஆள் வரும். கறுப்பா ஒரு அச்சாபீஸ் பையன் போனா யார் பாக்கப் போறா?

மேஜர் மெதுவா ஜெர்மன்ல ஒரு வாக்கியம் சொல்வார். எனக்கு ஜெர்மன் தெரியும்தான். இருந்தாலும் அம்மா அதைத் தமிழ்ல திருப்பிச் சொன்னாங்க. தமிழ்லயே மனப்பாடம் பண்ணு, எழுதி வைக்காதே, தூக்கத்துல உளறினாக் கூட எவனுக்கும் புரியாதுன்னாங்க. இப்பவும் அப்படியே சொல்றேன், கேளுங்க.

"இம்மாதக் கடைசியிலோ வருகிற மாதத் துவக்கத்திலோ செக் தேசத்தின்மேல் படை புறப்படும். உத்தரவு பிறக்கும் அன்றைக்கே நாங்கள் அந்த மனுஷனைப் பிடிப்போம். நீ படை எடுத்தால் நாங்களும் யுத்தத்துக்கு வருவோம் என்று இங்கிலாந்து ஊரறியச் சொல்ல வேண்டும். சொன்னால் நாங்கள் எழும்புவோம். சொல்லாமல் அவன் கேட்டதைக் கொடுத்துவிட்டால், எங்கள் பின்னே ஒருவனும் வரமாட்டான்."

அஞ்சே வாக்கியம். கிழங்கு சீவிக்கிட்டே பத்து தடவை சொல்லிப் பாத்தேன். நடுவுல எல்சா தண்ணி எடுக்க உள்ள வந்தா. "என்ன சொல்றார் இந்த ஐயா?"ன்னு கேட்டா. "அவர் ஊர் ஜெபம்"ன்னாங்க அம்மா. அவ போற வரைக்கும் மேஜர் ஒரே தட்டைத் துடைச்சுக்கிட்டு நின்னார்.

அவ போனதும் எனக்குப் பொறுக்கல. கேட்டுட்டேன். "மேஜர், துப்பாக்கி உங்க கையில. படை உங்க கையில. பிடிக்கப் போறது உங்க ஊர் ஆளு. இதுக்கு எதுக்கு லண்டன்காரன் தயவு?"

அவர் கோவப்படல. "ஆஸ்திரியாவை ஒரு குண்டு செலவில்லாம வாங்கிக் குடுத்தான் அவன். ஜனங்க கும்பிடறாங்க. இப்ப அவனைத் தொட்டா நாங்கதான் துரோகி. இவன் நம்மளை யுத்தத்துல தள்ளப் போறான், நாம தோக்கப் போறோம்னு ஜனங்களுக்குத் தெரிஞ்சாத்தான் சிப்பாய் எங்க பக்கம் நிப்பான். ஒரு ரெஜிமென்ட்டை வெளியில கொண்டு வரணும்னா ஒரு காரணம் வேணும்"னார்.

அம்மா அதுக்கு மேஜரைப் பாத்து ஜெர்மன்ல சொல்லல. என்னைப் பாத்துத் தமிழ்ல சொன்னாங்க. "காரணம் ரெண்டாம் மாடியில் உட்கார்ந்திருக்கிறதே, தம்பி."

நீ என்ன சொன்னேன்னு மேஜர் அம்மாவைக் கேட்டார். அம்மா சொன்னாங்க. அவர் ரொம்ப நேரம் அந்தத் துணியை மடிச்சார். அப்புறம், "டாக்டர் லேவினுக்காக ஒரு ரெஜிமென்ட்டும் கிளம்பாது, ஹில்டா"ன்னார் சம்சாரத்தைப் பாத்து. அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. நான் கிழங்கைக் கழுவி வெச்சுட்டு எழுந்து போனேன்.

வியாழக்கிழமை கிளம்பினேன். மேஜரே ஸ்டேஷனுக்கு வந்தார், சாதாரண உடுப்புல. வழியில ஒரு வீட்டைக் கண்ணால காட்டி, "நாள் வரும்போது இங்க முப்பது இளம் அதிகாரிங்க துப்பாக்கியோட இருப்பாங்க. இங்கிருந்து அவன் ஆபீஸுக்குக் கால் மணி நேரம்"னார். எனக்கு ரத்தம் சூடாச்சு. இந்த மனுஷன் விளையாடலன்னு அப்பத்தான் முழுசா நம்பினேன். ரயில் ஏறும்போது ஒண்ணே ஒண்ணு சொன்னார். "கர்னல் விட்காம் கையிலதான். நேரா. வேற யார்கிட்டயும் வாய் திறக்காதே."

கர்னல் விட்காம்ங்கறது ஒரு பார்லிமென்ட் மெம்பர். குதிரைப் பந்தயத்துல மேஜரோட பழக்கமானவர். மந்திரிங்க வீட்டுக்குள்ள நேராப் போற செல்வாக்கு உள்ளவர்.

எல்லையில என்னைக் குடைஞ்சு எடுத்துட்டானுங்க. ஷூவோட அடித்தோலைக் கிழிச்சான். சோப்பை ரெண்டா நறுக்கிப் பாத்தான். ஒண்ணும் கிடைக்கல. எனக்குள்ள சிரிப்பு. சனிக்கிழமை லண்டன். குளிச்சு, இருந்த ஒரே நல்ல கோட்டைப் போட்டுக்கிட்டு நேரா கர்னல் வீடு. மணியடிச்சேன். ஒரு பட்லர் கதவைத் திறந்து என்னை மேலயும் கீழயும் பாக்கறான். நான் வாயைத் திறக்கல சார், அதுக்குள்ள, "வியாபாரத்துக்கு வர்றவங்க பின்வாசல்"னு சொல்லிட்டு மூடிட்டான்.

கம்பளி விக்க வந்தவன்னு நெனச்சானாம்! ஐரோப்பாவோட தலையெழுத்து என் தலைக்குள்ள இருக்கு. என்னைப் பின்வாசலுக்குப் போகச் சொல்றான்!

போனேன். போகாம? பின்வாசல்ல ஒரு சமையக்காரி நல்லவ. அவதான் சொன்னா, கர்னல் ஸ்காட்லாந்துல பறவை சுடப் போயிருக்கார், புதன்கிழமைதான் வருவார்னு. "அவசரம், தந்தி குடுங்க"ன்னேன். பட்லர் வந்து, "என்ன விஷயம்?"ங்கறான். விஷயத்தைச் சொல்லக் கூடாதே! "சொல்ல முடியாது"ன்னேன். "அப்ப தந்தியும் குடுக்க முடியாது"ன்னான்.

நாலு நாள். இந்தியப் பிள்ளைங்க தங்கற ஒரு விடுதியில படுத்துக் கிடந்தேன். ரேடியோவுல ஹிட்லர் கத்தறான். பேப்பரைப் பிரிச்சா யுத்தப் பேச்சு. விடுதியில சாயங்காலம் ஆனா அரசியல். வெள்ளைக்காரனை நாங்க கிழிக்காத கிழி இல்லை. சட்டம் படிக்கிற மதுரைப் பையன் ஒருத்தன், பேரு சங்கரபாண்டியன். ஒரு நாள் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "அண்ணே, உங்க மனசுல எதுவோ இருக்கு. எதிர்க்கட்சி ஆளு ஒருத்தரை எனக்கு நல்லாத் தெரியும். அவர் இந்தியர்கள்னா உக்கார வெச்சுப் பேசுவார். கூட்டிட்டுப் போகட்டுமா?"ன்னான். நான் மாட்டேன்னுட்டேன். கர்னல் கையிலதான், வேற யார்கிட்டயும் வாய் திறக்காதேன்னு உத்தரவு. உத்தரவை மீறலாமா? நீங்களே சொல்லுங்க. அந்த ஆளு யாரோ எவரோ.

அது பாருங்க, அதுலதான் எனக்கு அந்த மேஜர் கூட்டத்து மேலயும் எரிச்சல். அவங்க அத்தனை பேரும் மேல இருந்து யாராவது ஆரம்பிக்கட்டும்னு உக்காந்திருந்தவங்க. ஜெனரல் சொன்னா மேஜர். லண்டன் சொன்னா ஜெனரல். ஒருத்தனாவது தன் பொறுப்புல ஒரு அடி எடுத்து வெச்சானா? ராணுவத்துல வளந்தா அப்படித்தான் ஆயிடும் போல. சரி, விடுங்க.

கண்டக்டர், அந்தப் பெரியவருக்கு ஆடுதுறையாம், கேளுங்க பாவம், நாலு தடவை கத்திட்டார்.

புதன்கிழமை மத்தியானம் கர்னலைப் பாத்தேன். பெரிய அறை, சுவரெல்லாம் மான் தலை. ஆளு செவப்பா, குண்டா, வெள்ளை மீசை. நீலகிரியில, வெலிங்டன் ராணுவ முகாம்ல அஞ்சு வருஷம் இருந்தவராம். என்னைப் பாத்ததும், "பைட்டோ, பைட்டோ"ன்னார். இந்தியில உக்காருன்னு அர்த்தம். எனக்கு ஒரு வார்த்தை இந்தி தெரியாது, அது அவருக்குத் தெரியாது. வேலைக்காரங்ககிட்டப் பேசிப் பேசிக் கத்துக்கிட்ட இந்தி அது. எனக்கு உச்சந்தலையில ஏறிச்சு. அடக்கிக்கிட்டு நின்னபடியே அஞ்சு வாக்கியத்தையும் இங்கிலீஷ்ல சொன்னேன். ஒரு வார்த்தை விடல. ஒரு வார்த்தை சேக்கல.

கர்னல் முகம் மாறிடுச்சு. எழுந்து போய் அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டு வந்தார். மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். ஒரு காயிதத்துல குறிச்சுக்கிட்டார்.

"ஹார்ட்விக்கை எனக்குத் தெரியும். யோக்கியன்"னார். "இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒருத்தரைப் பாக்கப் போறேன். முடிவு பண்ற இடத்துல இருக்கறவர். அவர் என்னை ஒரே ஒரு கேள்விதான் கேப்பார். இந்த ஆளுங்க உண்மையிலேயே செய்வாங்களா, வெறும் பேச்சான்னு கேப்பார். எனக்கு எப்படித் தெரியும்? நீ ரெண்டு வருஷம் அவன் வீட்டுல இருந்தவன். அவன் முகத்தைப் பாத்தவன். நீ சொல்லு. அவங்க சொன்னதைச் செய்வாங்களா? நம்பலாமா?"

நம்பலாமான்னு கேக்கறான் சார்! யாரு? இங்கிலீஷ்காரன்! யார்கிட்ட? என்கிட்ட!

விட்டேனா பாத்துக்குங்க. "கர்னல், வாக்கைக் காப்பாத்தறதைப் பத்திக் கேள்வி கேக்க இங்கிலாந்துக்கு என்ன யோக்கியதை இருக்கு?"ன்னு ஆரம்பிச்சேன். போன யுத்தத்துல எங்க ஆளுங்களைக் கூட்டிட்டுப் போய்ச் சாகடிச்சீங்க. முடிஞ்சா சுயாட்சின்னீங்க. குடுத்தது என்ன? ஜாலியன்வாலா பாக். உப்பு எடுக்க வேதாரண்யம் போன என் சித்தப்பா மகனை, காக்கா தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கற ஒல்லிப் பையனை, தடியால அடிச்சுக் கையை முறிச்சது யாரு? நாலு நாள் முன்னாடி உங்க வாசல்ல என்னைப் பின்பக்கம் போகச் சொன்னது யாரு? நீங்க ஒரு ஜெர்மன்காரனை நம்பலாமான்னு கேக்கறீங்க, நாங்க உங்களை நம்பலாமா, அதைச் சொல்லுங்க முதல்ல! கால் மணி நேரம் சார். நிறுத்தாம. விடுதியில பேசினப்போ கூட எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு சரளமா வந்ததில்லை. எங்கிருந்து வந்ததோ, கொட்டிச்சு.

அந்தாளு சுவத்துக் கடிகாரத்தை ஒரு தடவை பாத்தார். நான் முடிச்சதும், "நீ சொன்னதுல நியாயம் இருக்கலாம். ஆனா நான் கேட்டது ஹார்ட்விக்கைப் பத்தி"ன்னார்.

"அதுக்குப் பதிலை இங்கிலாந்துதான் சொல்லணும்"னேன்.

மணியை அடிச்சு பட்லரைக் கூப்பிட்டார். "உன் சேதியைச் சேத்துடறேன்"னார். முகத்தைத் திருப்பிக்கிட்டார். நான் முன்வாசல் வழியா வெளிய வந்தேன் சார். முன்வாசல் வழியா! அந்தப் பட்லரே கதவைத் திறந்து பிடிச்சான். தெருவுல நடக்கும்போது பூமி காலுல படல. இந்தியாவுக்காக ஒரு காரியம் பண்ணிட்ட மாதிரி. விடுதிக்குப் போய்ப் பசங்ககிட்டச் சேதியைச் சொல்லல, அது ரகசியம். ஒரு கர்னலை வெளுத்து வாங்கினதை மட்டும் சொன்னேன். தோள்ல தூக்கிட்டானுங்க. அந்தச் சங்கரபாண்டியன் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்னான். "அவர்கிட்ட எதுக்குண்ணே போனீங்க?"ன்னு கேட்டான். நான் அடுத்தவன் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

மறுநாள் காலையில பேப்பரைப் பாத்தா, பிரிட்டிஷ் பிரதமர் விமானம் ஏறி ஹிட்லரைப் பாக்கப் போறாராம். சமாதானம் பேச. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. கர்னல் வீட்டுக்கு ஓடினேன். கர்னல் இல்லைன்னான் பட்லர். அன்னிக்கு மட்டும் மூணு தடவை போனேன். மூணு தடவையும் இல்லை.

அதுக்கப்புறம் நடந்ததை நீங்களே கிளாஸ்ல சொல்லியிருப்பீங்க. மூணு தடவை பறந்தார். ம்யூனிக்ல கையெழுத்துப் போட்டு, செக் தேசத்துல அவன் கேட்ட பகுதியைத் தட்டுல வெச்சுக் குடுத்துட்டு வந்தாங்க. லண்டன்ல ஜனங்க தெருவுல ஆடறாங்க. முன்னபின்ன தெரியாத ஒரு வயசான வெள்ளைக்காரம்மா என்னைக் கட்டிப் பிடிச்சு, "சமாதானம், சமாதானம்"னு அழறாங்க. நான் நின்னுக்கிட்டு இருக்கேன். அந்த முப்பது பேரை நெனச்சேன். துப்பாக்கியை எடுத்துத் துடைச்சுத் திரும்ப வெச்சுட்டு வீட்டுக்குப் போயிருப்பாங்க. ஒரு குண்டு செலவில்லாம இன்னொரு நாடு வாங்கிக் குடுத்தவனை எவன் தொடுவான்?

எல்லாம் அந்தக் கர்னல் பண்ணின வேலை. ஆறு மணிக்குப் போய் அவன் என்ன சொன்னானோ. சொன்னானோ சொல்லலையோ. அந்தப் பட்லர் அன்னிக்கே உள்ள விட்டிருந்தா? தந்தி குடுத்திருந்தா? பறவை சுடறதுக்கு ஒரு நேரம் காலம் வேண்டாம்? ஒரு சங்கிலியில பத்து கண்ணி, ஒன்பதுலயும் வெள்ளைக்காரன். என் கண்ணி ஒண்ணுதான் அறுந்து போகாம இருந்தது. அதை நெனச்சா இன்னிக்கும் எனக்கு ஆறல.

நவம்பர்ல கப்பல் ஏறி ஊருக்கு வந்துட்டேன். மேஜருக்குக் கடுதாசி போடல. அங்க எல்லாக் கடுதாசியையும் பிரிச்சுப் படிப்பான். அப்புறம் யுத்தமே வந்துடுச்சு.

நாப்பத்தெட்டுல மிஷன் மூலமா எனக்கு ஒரு கடுதாசி வந்தது. தமிழ்ல. குழந்தை எழுதின மாதிரி எழுத்து, ஒவ்வொண்ணும் தனித்தனியா நிக்குது. அம்மா. பென்சில்ல எழுதியிருந்தாங்க. மேஜர் போலந்துக்குப் போனாராம். அப்புறம் ஃபிரான்ஸ். கர்னலா ஆக்கினானாம், மெடல் குடுத்தானாம். ஹிட்லரோட கையால இல்லை, ஆனா அவன் பேர் போட்ட காயிதத்தோட. நாப்பத்திரண்டு குளிர்காலத்துல ரஷ்யாவுல செத்துட்டார். யாருக்காக? எவனைப் பிடிக்கணும்னு தட்டு துடைச்சுக்கிட்டு நின்னாரோ, அவனுக்காக. எழுந்து நிக்காத மனுஷன் இல்லை சார் அவர். எழுந்து நிக்கறதுக்கு உத்தரவு வரல, அவ்வளவுதான்.

டாக்டர் லேவினைப் பத்தியும் எழுதியிருந்தாங்க. நாப்பத்திரண்டுல வந்து அழைச்சுக்கிட்டுப் போனாங்களாம். "அவருடைய பெட்டியைத் தெருவாசல் மட்டும் நான் சுமந்தேன். நான் செய்தது அவ்வளவே"ன்னு இருந்தது. அந்த வரியை நான் ரெண்டாவது தடவை படிக்கல.

கடைசியில கேட்டிருந்தாங்க. எனக்கு அது மனப்பாடம். "அந்தச் செப்டம்பர் முடியுமட்டும் அவர் உடுப்பைக் கழற்றாமல் நாற்காலியிலேயே தூங்கினார். தம்பி போய்ச் சேர்ந்தானா, சொன்னானா என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியாய் விடுப்பில் வந்தபோதும் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். நீர் சொன்னீரா? இங்கிலாந்தார் உம்மை ஏதாவது கேட்டார்களா? உள்ளதை எழுதும்."

பதில் எழுத எனக்கு மூணு வாரம் ஆச்சு. அச்சாபீஸ்ல உக்காந்து எழுதுவேன், கிழிப்பேன். நாலாவதா எழுதினதைத்தான் போட்டேன். "அம்மா, சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல், ஒரு வார்த்தை சேர்க்காமல் சொன்னேன். அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை."

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க? சொன்னேனே. சேதியைச் சொன்னது பொய்யா? கேட்டார்னு எழுதினா, என்ன பதில் சொன்னேன்னு அடுத்த கடுதாசியில கேப்பாங்க. புருஷனைப் பறிகொடுத்தவங்ககிட்ட ஜாலியன்வாலா பாக்கைப் பத்தி எழுதறதா? அவங்களுக்குப் புரியுமா? உங்களுக்கே புரியல, நம்ம ஊர்க்காரர் நீங்க.

அவங்க உடனே பதில் போட்டாங்க. மூணே வரி. "உமது கடிதம் கிடைத்தது. அப்படியானால் குற்றம் இங்கிலாந்தாருடையது, அவருடையதுமல்ல, உம்முடையதுமல்ல. பத்து வருஷமாய் எனக்கிருந்த பாரம் நீங்கிற்று, இனி நான் தூங்குவேன், தம்பி."

பாத்தீங்களா? அவங்களே எழுதிட்டாங்க. என்னுடையதும் இல்லைன்னு. அந்தக் கடுதாசியை நான் பைபிள்ல வெச்சிருக்கேன். அதுக்கு ஒரு பதில் போடணும்னு இருந்தேன். பெரிசா ஒண்ணும் இல்லை, ஒரு நாலு வரி. நாளைக்குப் போடலாம், அடுத்த வாரம் போடலாம்னு, தொழில்ல நேரம் எங்க கிடைக்குது சொல்லுங்க. உள்ளதை எழுதும்னாங்க இல்லையா, அதுக்கு. ஏழு வருஷம் ஓடிப் போச்சு. அம்பத்தஞ்சுல மிஷனுக்குப் போனப்போ பாதிரியார் சொன்னார், அந்தம்மா ஈஸ்டருக்கு முந்தின வாரம் தூக்கத்துலயே போயிட்டாங்கன்னு.

இனிமே அதை எழுதி யாருக்குப் போடறது?